அரிசி இருக்கும் ஊருக்குப் படை வரும்

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர் வாயில் வருவது இரண்டு பேச்சு: ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. தறிச்சத்தம் கேட்கும் தெருவிலிருந்து சற்றுத் தள்ளி நடந்தால் நெல் அவிக்கும் வாசம் மூக்கில் ஏறும். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் திரும்பும்போது ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிக்கொண்டு போவதுண்டு. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊருக்கு நெல்லும் நெசவும் இன்று சோறு போடுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் இதே இரண்டும்தான் ஊருக்கு வினையாகவும் வந்து சேர்ந்தன. படை என்றால் முதலில் அதற்குச் சோறு வேண்டும், பிறகு துணி வேண்டும். இரண்டும் கிடைக்கிற ஊர், கோட்டையும் உள்ள ஊர் என்றால் எந்தத் தளபதியும் அதைச் சும்மா கடந்து போகமாட்டார்.

1751 முதல் 1792 வரையிலான நாற்பது ஆண்டுகளில் ஆரணியையும் அதைச் சுற்றிய ஆற்காடு, வந்தவாசி, திருவண்ணாமலை, வேலூர் வட்டாரத்தையும் மிதித்துப் போன படைகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மொராரி ராவ் அனுப்பிய மராட்டியக் குதிரைப் படையினர், நிஜாமின் ஆட்கள், மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்துகூட ஆள் வந்தது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஹனோவர் நாட்டுக்கும் அதிபதி என்பதால், அங்கே திரட்டிய இரண்டு ரெஜிமென்டுகள் 1782இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தன. 1783இல் கடலூர்ச் சண்டையில் அவை நின்றன. பிறகு ஆண்டுக்கணக்கில் ஆற்காட்டில் தங்கின. ஆரணியிலிருந்து ஆற்காடு சுமார் 30 கிலோமீட்டர். மாட்டுவண்டிக்கு ஒரு நாள் தூரத்தில், தமிழும் தெரியாமல் ஆங்கிலமும் சரியாகத் தெரியாமல் ஜெர்மன் பேசிக்கொண்டிருந்த பட்டாளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இதில் யார் அந்நியர்? கேள்வி சுலபமாகத் தெரிகிறது, பதில் அப்படி இல்லை. ஆரணி ஜாகீரே மராட்டியருடையது. பீஜப்பூர்த் தளபதியாக வந்த ஷாஜியிடம் 17ஆம் நூற்றாண்டில் ஜாகீர் பெற்ற வேதாஜி பாஸ்கர் பந்தின் வழியினர்தான் ஊரை ஆண்டார்கள். பக்கத்தில் சத்திய விஜய நகரத்தில் நிற்கும் அரண்மனை அவர்களுடையதுதான். அவர்களுக்கு மேலே ஆற்காட்டு நவாப், அவருடைய அலுவல் மொழி பாரசீகம். மறுபுறம், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசிய சிப்பாய்கள். அதிகாரிதான் வெள்ளைக்காரர். நெசவாளி வீட்டுக் கதவைத் தட்டிய கை, பக்கத்து ஜில்லாக்காரனுடைய கையாகவே பல நேரம் இருந்திருக்கும். ஆக, தோலின் நிறத்தையும் பேசும் மொழியையும் வைத்து மட்டும் இந்தக் கேள்வியை அளக்க முடியாது. அந்தப் படை எங்கிருந்து தின்கிறது, அதற்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, அது தப்புச் செய்தால் ஊரார் யாரிடம் போய் முறையிடலாம் என்று பார்ப்பதே நியாயமான அளவை. ஆரணி வட்டாரத்தின் வரலாறு இதற்கு நிறையச் சாட்சி வைத்திருக்கிறது.

1751 டிசம்பரில் நடந்ததையே எடுத்துக்கொள்ளலாம். ஆற்காட்டுக் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாங்கிய ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் வெளியே வந்து, நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபைத் துரத்திக்கொண்டு ஆரணிக்கு வந்தார். ராஜா சாகிப் பக்கம் 300 பிரெஞ்சுக்காரர் இருந்தனர். கிளைவ் பக்கம் மராட்டியக் குதிரைப் படை. வயலும் வரப்புமாகக் கிடந்த நிலத்தில் சண்டை நடந்தது, கிளைவ் வென்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் சில நூறு பேர் தங்கள் துப்பாக்கியுடன் வந்து கிளைவிடம் வேலைக்குச் சேர்ந்துகொண்டார்கள். ஆரணிக் கோட்டையின் காவல் தலைவரான கில்லேதாரும் பக்கம் மாறி, ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியை நவாபாக ஏற்பதாகச் சொல்லிவிட்டார். காலையில் எதிரிப் படையாக இருந்தவன் மாலையில் சொந்தப் படை. கோட்டைக்கும் சிப்பாய்க்கும் பக்கம் மாறும் வசதி இருந்தது. சாகுபடிக்காரனுக்கு அது இல்லை. அவன் வயலை மிதித்தது இரு தரப்புக் குதிரைகளும்தான்.

அடுத்த முப்பது ஆண்டில் போர் பெரிதானது. 1780 ஜூலையில் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லி நடத்திய படை அழிந்தது, நவம்பரில் ஆற்காடு விழுந்தது. சென்னையைச் சுற்றியுள்ள நாட்டை எரித்துப் பாழாக்கிவிட்டால் கும்பினிப் படை சோறின்றித் தானே முடங்கும் என்பது ஹைதரின் கணக்கு. கணக்குப் பிழைக்கவில்லை. அயர் கூட் என்ற கிழட்டுத் தளபதி களத்தில் பலமுறை வென்றும், வென்ற இடத்தில் நிற்க முடியாமல் திரும்பித் திரும்பிச் சென்னைப் பக்கம் போனதற்குக் காரணம் அரிசியும் வண்டி மாடும் இல்லாததுதான். எரித்த நாட்டில் ஹைதரின் படை மட்டும் எதைத் தின்றது? அதற்கென்று அவர் சேர்த்து வைத்த களஞ்சியங்களில் முக்கியமானது ஆரணி. நெல்லும் வெடிமருந்தும் அங்கே குவிந்து கிடந்தன. அதைப் பிடித்துவிட்டால் ஹைதரின் வயிற்றில் அடித்த மாதிரி ஆகும் என்று கூட் 1782 மே கடைசியில் புறப்பட்டு வந்தார். ஜூன் 2ஆம் தேதி ஆரணிக்கு அருகே ஹைதர் மறித்துக்கொண்டார். பகலெல்லாம் பீரங்கிச் சண்டை. ஹைதர் பின்வாங்கினார், ஆனால் ஆரணி கூட்டின் கைக்கு வரவில்லை. கையிருப்புத் தீர்ந்ததும் கூட் திரும்பிப் போய்விட்டார். வரலாற்றுப் புத்தகங்களில் இதற்குப் பெயர் 'ஆரணிப் போர்'. அரிசிக்காக நடந்த போர் என்று சொன்னாலும் பொருந்தும். அந்த அரிசி யார் நிலத்தில் விளைந்தது, அதற்கு விலை கொடுத்தார்களா என்ற கேள்வியை அந்தப் புத்தகங்கள் கேட்பதில்லை.

இந்த இடத்தில் நெசவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அன்றைய ஆரணிக்குப் பட்டைவிட மெல்லிய பருத்தித் துணியில்தான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் வரை 'ஆரணி மஸ்லின்' என்றே அது அறியப்பட்டது. எந்த நூலானாலும் தறியில் ஏறும் முன் பாவு தெருவுக்கு வந்தாக வேண்டும். விடியற்காலை வெயில் ஏறுவதற்குள், தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி பூசி, இழை இழையாக நீவி, அறுந்த இழையை முடிந்து, காய்ந்ததும் சுருட்டி எடுக்க வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதற்கு வேண்டும், பக்கத்து வீட்டாரும் கை கொடுக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் தெரு முழுவதும் தறிக்காரனுக்குச் சொந்தம். பாவை நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது. அந்த நேரத்தில் முப்பது குதிரை தெருவில் நுழைந்தால் பல வார உழைப்பும், வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் மண்ணோடு போகும். தறி குழித்தறி, தரையில் ஊன்றியது. உழவன் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம். நெசவாளி அச்சையும் நாடாவையும் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம், குழியை எடுத்துக்கொண்டு போக முடியாது. தென்னிந்திய நெசவாளர் அடிக்கடி ஊர் மாறுகிறவர்கள்தான், நல்ல கூலி கிடைக்கும் இடம் தேடிப் போகத் தயங்காதவர்கள்தான். ஆனால் கூலி தேடிப் போவது வேறு, கொள்ளைக்குப் பயந்து ஓடுவது வேறு.

நெசவூர்கள் எரிந்த கதையும் உண்டு. 1757இல் ஆங்கிலேயப் படை வந்தவாசிக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பும்போது ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. அதற்குப் பழி வாங்கப் பிரெஞ்சுப் படை எங்கே போனது தெரியுமா? காஞ்சிபுரத்துக்கு. அங்கே கோயிலுக்குள் இருந்த சிறு காவற்படையை அவர்களால் அசைக்க முடியவில்லை. ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவாசிக்காரரும் காஞ்சிபுரத்துக்காரரும் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்தவர்களில்லை. இரண்டு ஐரோப்பியக் கும்பினிகளின் கணக்குத் தீர்ந்தது, அவ்வளவுதான்.

சம்பளம் வராத படையின் கதைக்கும் வந்தவாசியே சாட்சி. 1759 அக்டோபரில் அங்கே இருந்த பிரெஞ்சுச் சோல்ஜர்கள் பல மாதச் சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். அதிகாரிகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சார்ஜண்டைத் தங்கள் தலைவராக வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரியிலிருந்து பணம் வந்த பிறகே அடங்கினார்கள். தன் சர்க்காரையே மிரட்டிக் காசு வாங்கும் அளவுக்குக் காய்ந்து கிடந்த படை, அதுவரை பேட்டைக் கடைக்காரனிடம் எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அந்தப் படையின் தலைவர் லாலி 1758இல் தஞ்சாவூர் மீது போகும் வழியில் கீவளூர்க் கோயிலில் புதையல் தேடிச் சூறையாடினார். ஒற்றர்கள் என்று சந்தேகித்து ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தார். பீரங்கி இழுக்க மாடில்லை என்று சாதி பாராமல் ஊராரைப் பிடித்துக் கயிறு இழுக்க வைத்தவரும் அவரே. பின்னாளில் பாரிசில் அவருக்கு மரண தண்டனை கிடைத்தது, புதுச்சேரியை இழந்த குற்றத்துக்காக. கீவளூருக்காக யாரும் அவரை விசாரிக்கவில்லை.

ஊர்களில் பெரிய கல் மதில் கொண்ட கட்டடம் கோயில்தான் என்பதால், கர்நாடகப் போர்களில் கோயில்களே பாளையமாயின. காஞ்சிபுரத்தில் 1751இல் பிரெஞ்சுக்காரர் கோயிலுக்குள் இருந்தார்கள், கிளைவ் பீரங்கி வைத்து மதிலை இடித்த பிறகுதான் இரவோடு இரவாக ஓடினார்கள். ஸ்ரீரங்கத்தில் 1752இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் அடைந்து கிடந்தார்கள். திருவண்ணாமலைக் கோயில் பலமுறை முற்றுகை கண்டது. சிதம்பரத்தில் 1781இல் ஹைதரின் காவற்படை உள்ளே, கூட்டின் படை வெளியே. தாக்குதல் தோற்று கூட் பின்வாங்கினார். ஆறு காலப் பூசை என்ன ஆனது, மடைப்பள்ளியில் யாருக்குச் சோறு வெந்தது என்பதெல்லாம் படைக் குறிப்புகளில் இல்லை.

எல்லாவற்றிலும் கொடுமையான காட்சி 1760 நவம்பரில் புதுச்சேரியில் நடந்தது. கூட்டின் முற்றுகையால் உள்ளே தானியம் தீர்ந்துகொண்டு வந்தது. லாலி, உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் போனபோது, மறுபடி உள்ளே போனால்தான் அரிசி சீக்கிரம் தீரும் என்று ஆங்கிலேயர் திருப்பி விரட்டினார்கள். கோட்டையும் திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு எட்டு நாள் கிடந்தார்கள். பிறகே கூட் அவர்களைப் போகவிட்டார். தினப்படி சேதியைக் கால் நூற்றாண்டாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த முற்றுகைக் காலத்திலேதான், 1761 ஜனவரியில், கண்ணை மூடினார். பிரெஞ்சுக்காரரோடு ஒட்டி வாழ்ந்து, அவர்களால் செல்வமும் பெற்றவர் அவர். 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை அதே பிரெஞ்சுக்காரர் இடித்தபோது ஒன்றும் செய்ய முடியாமல் எழுதி மட்டும் வைத்தவரும் அவர்தான்.

1780இல் நடந்த ஹைதர் படையெடுப்பின் பின்னாலேயே பஞ்சம் வந்தது. 'ஐதர் கலாபம்' என்ற சொல் தொண்டை நாட்டுப் பேச்சில் பல தலைமுறை நின்றதற்கு வாளைவிடப் பசியே காரணம். ஊரைவிட்டு ஓடியவர்கள் சென்னை மதிலை நோக்கிப் போனார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதே மணியக்காரர் சத்திரம். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அங்கே இருக்கிறது. வடசென்னையில் வயதானவர்கள் இப்போதும் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். ஒரு போர் ஒரு நகரத்தின் பேச்சில் விட்டுப்போன பெயர் அது.

இதையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் நமக்குச் செய்த அநியாயம் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மையாகும். பகைவர் நாட்டை எரிப்பதற்கும் கொள்ளையிடுவதற்கும் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் துறைப் பெயரே உண்டு. உழபுல வஞ்சி என்றால் எரியூட்டல், மழபுல வஞ்சி என்றால் வீடுகளைக் கொள்ளையிடல். புலவர்கள் அதை மன்னனின் பெருமையாகவே பாடினார்கள். 11ஆம் நூற்றாண்டு இலங்கையில் அந்நியப் படை என்பது சோழப் படைதான். சோழர் போன பிறகும் தமிழ் வீரர்கள் அங்கே கூலிப்படையாகத் தங்கினார்கள். பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படை ஏற்றதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்னும் நிற்கிறது. அழிக்க வந்த படையின் மிச்சம் காவலுக்கு நின்றதும் வரலாற்றில் உண்டு.

தங்கள் வீட்டில் சிப்பாய் தங்குவதை ஆங்கிலேயர் சகித்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1628இலேயே அவர்களுடைய பாராளுமன்றம், மக்கள் வீடுகளில் படையைக் கொண்டுவந்து தங்க வைக்கக்கூடாது என்று அரசரிடம் உரிமை மனு கொடுத்தது. அமெரிக்கர்கள் ஆங்கிலப் படையிடம் பட்ட அனுபவத்தால் அதையே தங்கள் அரசியல் சாசனத்தின் மூன்றாம் திருத்தமாக எழுதிக்கொண்டார்கள். அது நிறைவேறியது 1791. அதே ஆண்டில்தான் கும்பினியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படை, பஞ்சாரா வணிகர்களின் பொதி மாடுகள் சுமந்துவந்த தானியத்தை நம்பி, திப்புவை எதிர்த்து மைசூருக்குள் நடந்துகொண்டிருந்தது. தானியத்தை விலைக்கு வாங்கும் படைக்கு வழியில் உள்ள ஊர்களைச் சூறையாடும் தேவை குறைவு. உரிமை மனு மட்டும் ஆற்காட்டுக்குக் கப்பலேறி வரவில்லை.

இருநூறு ஆண்டு தாண்டி வந்தால், தமிழர் நடுவே அந்நியப் படை என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் யாழ்ப்பாணம். இம்முறை வந்த படை இந்தியப் படை. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள், மறுநாளே அமைதிப்படை பலாலியில் இறங்கியது. இலங்கை ராணுவத்தின் குண்டுவீச்சில் தவித்திருந்த மக்கள் மாலையும் கையுமாக நின்றார்கள். ஒழுங்கையில் வந்த சிப்பாய்க்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். காந்தி தேசத்து ஆமி, தாய்நாட்டு ஆமி என்று நம்பினார்கள். அக்டோபர் 10இல் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. பதினொரு நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரங்களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். காஞ்சிபுரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் கோயில் மதில் பட்டாளத்தைக் காத்தது, நல்லூரில் அது ஊரைக் காத்தது.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் அந்தக் காலம் சில சொற்களை விட்டுப்போயிருக்கிறது. 'சென்றி' என்றால் மணல்மூட்டைக் காவலரண். 'சுற்றிவளைப்பு' என்றால் விடியுமுன் ஊரை வளைத்து ஆண்களையெல்லாம் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட வளவிலோ இருத்துவது. 'தலையாட்டி' என்றால் முகத்தை மூடிக்கொண்டு முன்னால் நிற்கிறவன். வரிசையில் வருகிறவனைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளை வீடு திரும்புவது நிச்சயமில்லை. ஹிந்தியில் கேட்கும் அதிகாரி, தமிழில் அழும் தாய், இருவருக்கும் நடுவில் பேசாமல் தலையை மட்டும் ஆட்டும் ஒருவன். புலிகள் சனத்தின் நடுவிலிருந்து தாக்கிவிட்டு மறைவார்கள், அடி அந்த ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு விழும். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் அப்படித்தான் 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இதை இந்தியாவில் உள்ள தமிழ் வாசகர் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் வரிப்பணத்தில் போன படை அது.

சாதாரண சனங்களின் பக்கம் நின்று இதைப் பதிவு செய்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர்: ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம. 'முறிந்த பனை' என்ற அவர்களுடைய நூல் இந்தியப் படையையும் விடவில்லை, புலிகளையும் விடவில்லை. படையினரால் சீரழிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களை, வெளியில் சொல்ல முடியாமல் தவித்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் உடற்கூற்றியல் பேராசிரியையான ராஜினி. 1989 செப்டம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபுறமும் ஆயுதம் நிற்கும் ஊரில் முறையீட்டைக் கேட்க முன்வந்தவருக்கு அதுதான் நேர்ந்தது.

சிப்பாய்களின் துயரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. எதற்காகச் சண்டை என்று தெளிவாகச் சொல்லப்படாமல் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்தத் தீவில் மாண்டார்கள். 1990 மார்ச் 24இல் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்றார்.

இறந்த சிப்பாய்க்குக் கல் நடுவது நடுகல் காலத்திலிருந்தே வழக்கம். ஆரணிக் கோட்டைக்குள் கர்னல் ராபர்ட் கெல்லிக்கு ஓர் உயர்ந்த நினைவுத்தூண் நிற்கிறது. திப்புவோடு மூன்றாம் போர் தொடங்கிய 1790இல் கர்நாடகப் படையணி ஒன்றை நடத்தி வந்து இறந்துபோனவர் அவர். அமைதிப்படையில் மாண்டவர்களுக்குப் பலாலியிலும் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையிலும் பெயர் பொறித்த சுவர்கள் இருக்கின்றன. 1782இல் ஆரணிக் களஞ்சியத்துக்கு நெல் அளந்தவர்கள், பாவு மிதிபட்டுப்போனவர்கள், புதுச்சேரி மதிலுக்கு வெளியே எட்டு நாள் கிடந்தவர்கள், இவர்களில் ஒருவர் பெயரும் நம் கைக்கு வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படி ஆகவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21இல் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் கூடி, அன்று இறந்த தங்கள் சக ஊழியர்களின் படங்களை வைத்து, விளக்கேற்றிப் பூ வைக்கிறார்கள். வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்.